வேகத்தைப் பூனை முடிவு செய்யட்டும்

1969-ல் மைக்கேல் ஃபாக்ஸ் என்ற கால்நடை மருத்துவர் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார். சிவாவா இனத்து நாய்க்குட்டிகள் சிலவற்றை, பிறந்து நான்கு வாரம் ஆகும் நேரத்தில் தாயிடமிருந்து பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பூனைக்குட்டிக் கூட்டத்தோடு வளரவிட்டார். நான்கு மாதம் ஆனபோது அந்தக் குட்டிகள் பூனைகளைத்தான் தேடிப் போயின. தங்கள் இனத்துக் குட்டிகளுக்கு நடுவே விட்டால் ஒதுங்கி நின்றன. மற்ற நாய்க்குட்டிகள் கண்ணாடியில் தங்கள் உருவத்தைப் பார்த்துக் குரைத்தன, வாலாட்டின. பூனைகளோடு வளர்ந்தவை அந்த உருவத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. பிறகு நாய்களோடு சேர்ந்து வாழவிட்டதும்தான் மெல்ல மாறின.

அதற்கும் வெகு முன்பே, 1930-ல், சீன உளவியலாளர் குவோ பூனைக்குட்டிகளை எலிகளோடு ஒரே கூண்டில் வளர்த்துப் பார்த்தார். உடன் வளர்ந்த எலியின் மேல் அவை பாயவில்லை. எலி பிடிக்கும் தாயைப் பார்த்து வளர்ந்த குட்டிகளோ பெரும்பாலும் எலியைக் கொன்றன.

பகை ரத்தத்தில் ஊறியது என்று நாம் நம்பிவந்ததை இந்த இரண்டு சோதனைகளும் அசைத்துவிட்டன. நாய்க்குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம் வரை, பூனைக்குட்டிக்கு இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை, உலகத்தில் யாரெல்லாம் நம்மவர்கள் என்று மனதில் பதியும் பருவம். அந்த வயதில் இன்னோர் இனத்தை அன்றாடம் பார்த்து, முகர்ந்து, அதனோடு உருண்டு புரண்ட குட்டிக்கு அது அந்நியம் இல்லை.

ஆனால் நம் வீடுகளில் நடப்பது வேறு. தெருவில் அடிபட்டுக் கிடந்த நாயைத் தூக்கி வருகிறோம். அதற்கு வயது மூன்று இருக்கும். ஏற்கெனவே வீட்டை ஆண்டுகொண்டிருக்கும் பூனைக்கு ஐந்து. அல்லது நாய் இருக்கும் வீட்டுக்கு, மழையில் நனைந்து கார் அடியில் கத்திக்கொண்டிருந்த பூனைக்குட்டியை மகள் ஷாலில் சுற்றிக் கொண்டுவந்துவிடுகிறாள். பதியும் பருவமெல்லாம் கடந்துபோன இரண்டு உயிர்கள், கேட்காமலே ஒரே கூரைக்குக் கீழ் வந்து சேர்கின்றன. அவை பழகுமா? பெரும்பாலும் பழகும். ஆனால் நாம் அவசரப்படக்கூடாது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றி வரப்போகிறது.

ஓட்டு வீட்டில் நடந்தது என்ன?

"எங்க பாட்டி வீட்டுல நாயும் இருந்துச்சு, பூனையும் இருந்துச்சு. யாரும் பழக்கிவிடலையே" என்று பலரும் சொல்வதுண்டு. உண்மைதான். ஆனால் அந்த வீடு எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். நாய்க்கு வாசலும் கொல்லையும். பூனைக்கு அடுப்பங்கரையும் பரணும். நாய் துரத்தினால் பூனை மதிலில் ஏறும், அங்கிருந்து ஓட்டுக் கூரை, கூரையிலிருந்து பக்கத்து வீட்டு முருங்கை மரம். நாளெல்லாம் ஒன்றின் கண்ணில் மற்றது படாமலே இருக்க முடிந்தது. பார்த்துக்கொண்டபோதும் பூனைக்கு உயரமும் வழியும் இருந்தன. அந்த வீட்டில் பழக்கிவிடும் வேலையைச் சுவரும் கூரையும் செய்தன.

இன்று இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில் எண்ணூறு சதுர அடி. பரண் இருந்த இடத்தில் கதவு போட்ட அலமாரி. பால்கனிக்கு வலை. வாசல் கதவு எப்போதும் சாத்தியிருக்கிறது. ஓட இடமில்லாத பூனை ஒன்று சண்டைக்கு நிற்கும், அல்லது கட்டிலுக்கு அடியில் போய்ச் சாப்பிடாமல் கிடக்கும். ஆகவே புதிய விலங்கைக் கொண்டுவருவதற்கு முன்பே செய்யவேண்டிய முதல் வேலை, பழைய வீடு தானாகத் தந்ததை நாம் கையால் அமைத்துத் தருவது: நாய்க்கு எட்டாத உயரத்தில் சுவர்ப் பலகைகள், பீரோ மேல் ஒரு மெத்தை, அங்கே ஏறிப்போக இடையில் ஒரு ஸ்டூல், ஒவ்வோர் அறையிலும் இரண்டு பக்கம் வழி. மூலையில் மாட்டிக்கொள்ளாத பூனை பெரும்பாலும் நகத்தை நீட்டுவதில்லை.

ஒரே சைகை, எதிர் அர்த்தம்

மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டும் நாய், "நான் உன்னை ஒன்றும் செய்ய மாட்டேன்" என்கிறது. மிரண்ட பூனை மல்லாந்து படுத்தால் நான்கு காலின் நகங்களையும் தயார் செய்துகொண்டது என்று பொருள். வாலை வீசும் நாய் பெரும்பாலும் உற்சாகத்தில் இருக்கிறது. வாலைச் சுழற்றி அடிக்கும் பூனை எரிச்சலில் இருக்கிறது. பூனை வாலைக் கம்பம் போல் நிமிர்த்தி வந்தால் அது வணக்கம். நாய் வாலை விறைத்து நிமிர்த்தினால் அது சவால். முன்னங்கால்களைத் தரையில் படியவைத்து, பின்பக்கத்தைத் தூக்கி, "வா, விளையாடலாம்" என்று நாய் கூப்பிடுவது பூனையின் கண்ணுக்குப் பாய்வதற்கு முந்தைய பதுங்கல்.

டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் ஃபாயர்ஸ்டைன், டெர்கெல் என்ற இரு ஆய்வாளர்கள், நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீடுகளை ஆராய்ந்து 2008-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் உறவு நல்லபடியாகவே இருந்தது. பூனை முதலில் வந்து, நாய் பின்னால் வந்த வீடுகளில் பொருத்தம் கூடுதல். பூனை ஆறு மாதத்துக்குள்ளும் நாய் ஒரு வயதுக்குள்ளும் இருக்கும்போது சேர்த்தால் இன்னும் நல்லது. எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் வீடியோவில் பார்த்த இன்னொரு விஷயம். பூனைகள் மூக்கோடு மூக்கு வைத்து முகமன் சொல்லும் வழக்கத்தைச் சேர்ந்து வாழும் நாய்களும் கற்றுக்கொண்டிருந்தன. எதிர் அர்த்தம் தரும் சைகைகளையும் இரண்டும் பெரும்பாலும் சரியாகப் புரிந்துகொண்டன.

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் எழுநூறுக்கும் மேற்பட்ட வீடுகளின் விவரங்களைத் திரட்டி, இந்த உறவை எது தீர்மானிக்கிறது என்று தேடினார்கள். நாயின் குணம்தான் முதலில் நிற்கும் என்று நினைப்போம். நின்றது பூனையின் நிம்மதி. நாயின் அருகில் பூனை எவ்வளவு இயல்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்த வீட்டில் உறவு நன்றாக இருந்தது. காரணம் யோசித்தால் தெளிவாகத்தான் இருக்கிறது. நாய் கூட்டமாக வாழ்ந்த ஓநாயின் வழி வந்தது. பூனையோ தனியாக வேட்டையாடும் காட்டுப்பூனையின் வழி வந்தது. அது எலிக்கு எமன், தன்னைவிடப் பெரிய விலங்குக்கு இரை. இந்த இரண்டாவது நினைப்பு அதை விட்டு ஒருபோதும் போவதில்லை.

அதனால்தான் சொல்கிறேன், இந்த வீட்டில் வேகத்தைப் பூனை முடிவு செய்யட்டும். நாய்க்குக் கற்றுத்தரலாம், கட்டிவைக்கலாம், வெளியே நடத்திப் போய்க் களைப்பாக்கலாம். பூனையை ஒரு நாள் முன்னதாகக்கூடத் தள்ள முடியாது.

மூடிய கதவில் தொடங்குவது

புதிதாக வருவது நாயானாலும் பூனையானாலும், முதலில் தனி அறை. இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று நோய். தெருவிலிருந்து வந்த குட்டி எதைச் சுமந்து வந்திருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. 1978-ல் உலகம் முழுவதும் பரவிய நாய்களின் பார்வோ வைரஸ், பூனைகளின் பான்லூக்கோபீனியா வைரஸுக்கு நெருங்கிய உறவு. அதன் பின்னாளைய வகைகள் பூனையையும் தாக்கக்கூடியவை. தரையிலும் பாத்திரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே இரண்டு வாரமாவது தனியே வைத்து, குடற்புழு மருந்து கொடுத்து, தடுப்பூசிகளைத் தொடங்கிவிட வேண்டும். ரேபிஸ் ஊசி நாய்க்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். பூனைக்கும் மூன்று மாதத்தில் போட்டாக வேண்டும்.

இன்னொரு காரணம் மணம். இரண்டுக்கும் உலகம் முதலில் மூக்கு வழியாகத்தான் வருகிறது. ஒரு பழைய துண்டால் பூனையின் கன்னத்தை மெல்லத் துடைத்து, அதை நாய் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். நாய் படுத்த சாக்கை எடுத்துப் பூனையின் அறையில் வையுங்கள். முதலில் பூனை அதைப் பார்த்துச் சீறலாம். மறுநாளும் வையுங்கள். அதன் மேல் நடக்கத் தொடங்கிவிட்டால், பூனை ஒரு படி ஏறிவிட்டது என்று அர்த்தம். பிறகு இரண்டின் சாப்பாட்டுத் தட்டையும் மூடிய கதவின் இருபுறமும் வையுங்கள். முதலில் ஆறேழு அடி தள்ளி, நாளாக ஆகக் கதவுக்கு அருகே. அந்தப் பக்கத்திலிருந்து வரும் மணத்தோடு மீன் சோறும் சேர்ந்து வருகிறது என்று இரண்டுக்கும் மனதில் படியட்டும்.

அடுத்தது பார்வை. கொசுவலைக் கதவு இருந்தால் நல்லது. ஆனால் பாயும் நாய்க்கு அந்த வலை தாங்காது. குழந்தைகளுக்காக மாடிப்படியில் போடும் தடுப்புக் கதவு இன்னும் உறுதி. கழுத்துப் பட்டையும் கயிறும் போட்டு நாயை ஒருவர் பிடித்துக்கொள்ள, மறுபக்கம் பூனை விரும்பினால் வரட்டும், விரும்பாவிட்டால் போகட்டும். இங்கே பெரும்பாலான வீடுகளில் ஒரு தவறு நடக்கிறது. பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு நாயின் முகத்துக்கு நேரே நீட்டி, "பாரு, உன் தம்பி வந்திருக்கான்" என்கிறார்கள். கையில் மாட்டிய பூனைக்கு ஓட வழியில்லை. அது பிராண்டுவது நாயை மட்டுமல்ல, தூக்கியவர் முகத்தையும்தான். நாயும் முதல் நாளே ஒரு பாடம் படித்துவிடும்: இந்தப் பிராணி வந்தால் வலிக்கும்.

இந்தக் கட்டத்தில் கண் வைக்கவேண்டியது நாயின் மேல். குரைக்கும் நாயைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். நான் அதிகம் பயப்படுவது அமைதியான நாயைப் பார்த்து. வாயை மூடிக்கொண்டு, உடம்பை விறைத்து, கண் கொட்டாமல், ஒரு காலைத் தூக்கியபடி உறைந்து நிற்கிறதே, அது வேட்டையின் தொடக்கம். பார்ப்பது, குறிவைப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என்று வேட்டை ஒரு தொடராக ஓடும். முதல் இரண்டு படியிலேயே அதை அறுத்துவிட வேண்டும். துரத்தல் தொடங்கிவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நாயின் காதில் விழாது.

அறுக்கும் வழியும் இருக்கிறது. பூனையைப் பார்த்த நாய், தானாகவோ நாம் கூப்பிட்டோ முகத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கும் அந்த நொடியில், வாயில் ஒரு துண்டு அவித்த கோழி ஈரல். மறுபடி பூனையைப் பார்க்கட்டும், மறுபடி திரும்பட்டும், மறுபடி ஈரல். ஐந்து நிமிடம் போதும். அன்றைக்கு முடித்துவிட வேண்டும். நாளாக ஆக, பூனையைக் கண்டதும் நாய் நம் முகத்தைத் தேடத் தொடங்கும். "இரு", "விடு" என்ற இரண்டு சொற்களும் இதற்கு முன்பே நாய்க்குப் பழகியிருந்தால் வேலை பாதியாகக் குறையும். காலையில் நன்றாக நடத்திக் களைப்பாக்கிவிட்டுச் செய்தால் இன்னும் எளிது.

அடிப்பது, தண்ணீர் ஊற்றுவது, சங்கிலியைச் சுண்டி இழுப்பது எதுவும் கூடாது. பூனையைப் பார்க்கும்போதெல்லாம் அடி விழுந்தால் நாய் கற்றுக்கொள்வது ஒழுக்கத்தை அல்ல. இந்தப் பூனையால்தான் எனக்கு அடி என்று கற்றுக்கொள்கிறது. நாம் வீட்டில் இல்லாத ஒரு மதியத்தில் அந்தக் கணக்கைத் தீர்க்கும்.

இதெல்லாம் எத்தனை நாள்? பூனைக்குட்டியும் நாய்க்குட்டியும் என்றால், தனி அறையில் வைத்த காலம் முடிந்த ஒரு வாரத்தில் ஒன்றன் மேல் ஒன்று படுத்துத் தூங்கலாம். வளர்ந்தவை என்றால் சில வாரங்கள், சில வீடுகளில் பல மாதங்கள். கடைசிக் கட்டமாக ஒரே அறையில் விடும்போதும் நாயின் கழுத்தில் நீளமான கயிறு தரையில் இழுபடட்டும்; தேவையென்றால் மிதித்து நிறுத்தலாம். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் முதல் சில மாதங்களுக்குத் தனித்தனி அறைதான்.

நாயின் இனத்தையும் பார்க்கத்தான் வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் தென் மாவட்டத்துக் கரிசல் வெளியில் முயல் துரத்தத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. ஓடும் சின்ன உருவத்தைக் கண்டால் அவற்றின் கால்கள் மூளையைக் கேட்பதில்லை. ராஜபாளையமும் வேட்டை வழி வந்ததுதான். இவை பூனையோடு வாழவே வாழாது என்று சொல்லமாட்டேன். குட்டியிலிருந்தே கூட வளர்ந்தவை வாழ்கின்றன. ஆனால் வளர்ந்த சிப்பிப்பாறை இருக்கும் வீட்டுக்கு இரண்டு மாதப் பூனைக்குட்டியைக் கொண்டுவருவதை நான் ஆதரிக்கமாட்டேன். அதுபோல் முப்பது கிலோ லாப்ரடார் பகை எதுவும் இல்லாமல், விளையாட்டாகக் காலை வைத்தாலே அரைக் கிலோ குட்டியின் விலா எலும்பு முறிந்துவிடும்.

தட்டும் தொட்டியும்

சண்டை பெரும்பாலும் பகையினால் வருவதில்லை, சாப்பாட்டுத் தட்டினால் வருகிறது. பூனையின் சாப்பாட்டை நாய்க்கு எட்டாத மேடையில் வையுங்கள். இது பூசலுக்காக மட்டும் இல்லை. பூனைக்கு டாரின் என்ற சத்து, இறைச்சி போன்ற உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டும். அது குறைந்தால் இதயம் விரிந்து அதன் தசை பலவீனமாகும் என்று 1987-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பயான் குழுவினர் நிறுவினார்கள். கண்பார்வையும் போகும். நாய்த் தீனியைப் பூனைக்கும் போட்டு வளர்ப்பது சிக்கனம் இல்லை. தயிர்சாதம் மட்டும் போட்டுப் பூனையை வளர்ப்பதும் அப்படித்தான். நாயோ பூனைத் தீனியைக் கண்டால் விடாது. அதிலுள்ள கொழுப்பு அதற்குக் கணைய அழற்சியைக் கொண்டுவரலாம்.

மணல் தொட்டி இதைவிட முக்கியம். பூனையின் கழிவை நாய் தின்னும். அருவருப்பாக இருந்தாலும் அது நாய்க்கு இயல்பு. ஆனால் தொட்டிக்குப் போகும் வழியில் நாய் காத்திருக்கிறது என்று தெரிந்தால் பூனை போகாமல் அடக்கும், அல்லது உங்கள் தலையணையில் போகும். "பழி வாங்குது" என்று திட்டாதீர்கள், அது பயந்திருக்கிறது. ஆண் பூனைக்கு மன அழுத்தத்தால் சிறுநீர்ப் பை வீங்கி, பாதை அடைத்துக்கொள்ளும். தொட்டியில் போய்ப் போய் உட்கார்ந்து ஒரு சொட்டும் வராமல் முனகினால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். அந்த இரவே மருத்துவரிடம் போக வேண்டும்.

உண்ணி மருந்து கொல்லும்

இதை மட்டும் தயவுசெய்து கிழித்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள்.

நாயின் முதுகில் சொட்டுவிடும் உண்ணி மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாயின் கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. நாய்க்கு வாங்கிய மருந்தில் மிச்சம் இருக்கிறதே என்று பூனைக்கும் இரண்டு சொட்டு விட்டால், சில மணி நேரத்தில் உடல் நடுங்கும், காது துடிக்கும், வலிப்பு வரும், உயிரும் போகும். பூனைக்கு நேரடியாகப் போட வேண்டும் என்பதுகூட இல்லை. மருந்து ஈரமாக இருக்கும்போது நாயின் மேல் உரசிப் படுத்து, பிறகு தன் ரோமத்தை நக்கினால் போதும். எவ்வளவுக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவுக்கு ஆபத்து. நண்பர்களான பிறகுதான் இந்த விஷம் பூனையைச் சேர்கிறது என்பது எனக்கு ஆறவே ஆறாத வருத்தம்.

சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் இதே குடும்பம். உண்ணிக் குளியலுக்குக் கொடுக்கும் அமிட்ராஸும் பூனைக்கு ஆகாது. நாய்க்கு உண்ணி மருந்து கேட்கும்போதே, "வீட்டில் பூனையும் இருக்கிறது" என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஆபத்தில்லாதவை கிடைக்கின்றன. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை நம்பாதீர்கள், பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். தவறிப் பட்டுவிட்டால் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்து பூனையைக் கழுவி, துடைத்து, உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். காய்ச்சலாக இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுப்பதும் இதே போன்ற சாவு. பூனைக்கு அரை மாத்திரையே கொல்லும்.

சேராவிட்டால்?

செல்பேசியில் பரவும் படங்கள் நமக்கு ஒரு தவறான எதிர்பார்ப்பைத் தந்துவிட்டன. நாயின் முன்னங்கால்களுக்கு இடையில் பூனை மாட்டியிருக்கும், காது பின்னால் படிந்திருக்கும், கண்மணி அகலமாக விரிந்திருக்கும். படத்துக்குக் கீழே இதயக் குறிகள் குவிந்திருக்கும். அந்தப் பூனை மிரண்டுபோய் அசையாமல் இருக்கிறது. கட்டிப்பிடித்துத் தூங்குவதுதான் வெற்றி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரே அறையில் நாய் மூலையிலும் பூனை ஜன்னல் திட்டிலும் தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்தால் அது முழு வெற்றி.

சில ஜோடிகள் சேராது. நாய் நாள் முழுக்கக் கதவடியில் மூக்கை வைத்து நடுங்கிக்கொண்டே இருந்தால், பூனை எடை குறைந்து, ரோமத்தை நக்கி நக்கி வழுக்கையாக்கிக்கொண்டால், வீட்டை இரண்டாகப் பிரித்து முறைவைத்து வாழலாம். அதுவும் முடியாதபோது, நன்றாகத் தெரிந்த இன்னொரு வீட்டில் ஒன்றை ஒப்படைப்பது துரோகம் ஆகாது. தெருவில் கொண்டுபோய் விடுவதுதான் துரோகம். வீட்டில் வளர்ந்த பூனைக்குத் தெரு தெரியாது.

நன்றாகச் சேர்ந்துவிட்ட வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. தீபாவளி வரும். வெடிச் சத்தத்தில் மிரண்ட பூனை, சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல், கண்ணெதிரில் நிற்கும் நாயின் மேல் பாயும். ஒரு வருடத்துச் சிநேகம் ஒரே இரவில் முறிந்துவிடும். ஆகவே அன்று மாலையிலேயே இரண்டையும் தனித்தனி அறையில் விட்டு, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை ஓடவிட்டு, பூனைக்கு ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி கொடுங்கள். மருத்துவமனைக்குப் போய் வந்த நாளிலும் இதே கவனம் வேண்டும். மருந்து வாடையோடு வருவது யார் என்று வீட்டிலிருக்கும் மற்றதற்குத் தெரியாது. அப்படியும் சண்டை வந்துவிட்டால் நடுவில் கையை விடாதீர்கள், ஒரு கனத்த போர்வையையோ தலையணையையோ இடையில் தள்ளிப் பிரித்துவிடுங்கள். கடி பட்டதா என்று ரோமத்தை விலக்கிப் பாருங்கள். பூனையின் பல் போன துளை சிறியது, உள்ளே சீழ் பெரிது. ஓரிரு நாள் கதவை மூடியே வையுங்கள். பிறகு பழைய துண்டை எடுத்து, மறுபடி மணத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் முறை முதல் முறை அளவுக்கு நாள் எடுப்பதில்லை.